ஆரல் வளர்க்கப் போகிறீர்களா? முதலில் மணலைச் சலியுங்கள்

வீட்டுத் தொட்டியில் ஆரல் சாவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம்தான். ஒன்று பட்டினி. இன்னொன்று, மூடியில் இருக்கும் சின்னச் சந்து வழியாக ராத்திரியில் வெளியே வந்து, காலையில் சோபாவுக்கு அடியில் எறும்பு மொய்த்துக் கிடப்பது. நோய் நொடியெல்லாம் அதற்கப்புறம்தான். சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூர் போய் ஆசைப்பட்டு ஒன்றை வாங்கி வந்துவிட்டு, "பகல் முழுக்க ஆளே காணோம், போட்ட தீனி அப்படியே கிடக்கு" என்று ஒரு வாரம் கழித்துப் புலம்புகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால், வாங்குவதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும், வாங்கிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகவே எழுதிவிடுகிறேன். இது ராத்திரி மீன். தொட்டி, மணல், தீனி, விளக்கு எல்லாவற்றையும் ராத்திரியை மனதில் வைத்து அமைத்துவிட்டால் இதைவிடத் தொந்தரவு இல்லாத மீன் கிடையாது.

முதலில் ஆள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கடையில் ஈல் என்று சொல்வார்கள், ஆனால் விலாங்குக்கும் இதற்கும் சொந்தம் கிடையாது. விலாங்கு ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகும். ஆரல் ஏரி, வாய்க்கால், வயல், மெதுவாக ஓடும் ஆறு என்று சேறும் மணலும் உள்ள இடத்திலேயே காலம் தள்ளும். சில வகைகள் முகத்துவாரத்துக் கலப்பு நீரையும் தாங்கும். ஊர்ப்பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதைக் குழம்பில்தான் அதிகம் பழக்கம், சாம்பல் போட்டுத் தேய்த்து வழுவழுப்பை எடுத்துவிட்டு வைக்கிற குழம்பு. அதை எதற்குக் கண்ணாடித் தொட்டியில் வைத்துப் பார்க்கிறாய் என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள், கேட்கட்டும்.

உடம்பு நீளமாக, பக்கவாட்டில் கொஞ்சம் தட்டையாக இருக்கும். செதில் உண்டு, ஆனால் மிகப் பொடிசு, தொட்டால் செதிலே இல்லாத மீன் போலத்தான் வழுக்கும். வயிற்றுத் துடுப்பு இல்லை. முதுகில், தலைக்குக் கொஞ்சம் பின்னால் தொடங்கித் தனித்தனியாக முட்கள் வரிசையாக இருக்கும், நம் பக்கத்து வகைகளில் சுமார் 15 முதல் 40 வரை. மீன் சும்மா இருக்கும்போது அவை மடங்கிப் படுத்திருப்பதால் கண்ணில் படாது, பிடித்தால் நிமிர்ந்துகொள்ளும். குத்தினால் வலிக்கும், ரத்தம் வரும், விஷம் இல்லை. முள் வரிசை முடிந்த இடத்திலிருந்து மெல்லிய துடுப்பு ஒன்று வால் வரைக்கும் ஓடும்.

இந்த மீனின் அழகு மூக்கில்தான் இருக்கிறது. மேல் உதட்டைத் தாண்டிச் சதை ஒன்று முன்னால் நீண்டிருக்கும், கிட்டத்தட்ட குட்டி யானையின் துதிக்கை மாதிரி. அதன் நுனியை உற்றுப் பார்த்தால் மூன்றாகப் பிரிந்திருப்பது தெரியும்: நடுவில் ஒரு சதைத் துணுக்கு, இரண்டு பக்கமும் குழாய் போன்ற மூக்குத் துளைகள். கண் பொடிசு. இரை தேடுவதற்கு முக்கியமாக நம்புவது மோப்பத்தைத்தான். ஒரு மண்புழுத் துண்டைத் தொட்டியின் ஒரு மூலையில் போட்டுவிட்டுப் பார்த்தால், மறு மூலையில் மணலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மூக்கு நுனி முதலில் லேசாக அசையும், அப்புறம் இடமும் வலமுமாகத் துழாவும், அதற்குப் பிறகுதான் தலை வெளியே வரும்.

முதல் முறை பார்க்கிற விருந்தாளிகள் இரண்டு கேள்வி கேட்பார்கள். பாம்பா? ஷாக் அடிக்குமா? இரண்டுக்கும் இல்லை. ஷாக் அடிக்கிற மீன் தென் அமெரிக்காவில் இருக்கிறது, அது வேறு குடும்பம்.

எந்த வகையை வாங்குவது

சென்னைக் கடைகளில் பொதுவாக மூன்று பெயர் காதில் விழும். பீகாக் ஈல், டயர் ட்ராக் ஈல், ஃபயர் ஈல். எல்லாவற்றையும் சும்மா ஸ்பைனி ஈல் என்று ஒரே பேரில் விற்கிற கடைகளும் உண்டு, அதனால் பெயரை நம்பாமல் உடம்பைப் பாருங்கள்.

முதுகுத் துடுப்பின் அடியில் கண் போன்ற வட்டப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் அது பீகாக், தாய்லாந்துப் பக்கத்து மீன், அதிகபட்சம் ஒரு அடி, தொட்டியில் பெரும்பாலும் அதற்கும் குறைவு. நம் ஊர் ஆரலுக்கும், அதாவது 1801-லேயே மேக்ரோக்னாதஸ் ஆரல் என்று அறிவியல் பெயரில் ஏறிவிட்ட மீனுக்கும், இதே போன்ற புள்ளிகள் உண்டு. இன்னொரு உள்ளூர் வகையான பன்கலஸ் இன்னும் சின்னது, முக்கால் அடியைத் தாண்டாது, பழுப்புப் பச்சை உடம்பில் மஞ்சள் பொட்டுகள் தெளித்திருக்கும். உடம்பு முழுக்க வளைந்து நெளிந்த கறுப்புக் கோடு, சேற்றில் டயர் பதிந்த தடம் போல இருந்தால் அது டயர் ட்ராக். இதுவும் நம் நாட்டு மீன்தான், ஆனால் இயற்கையில் 90 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. கரும்பழுப்பு உடம்பில் சிவப்புக் கோடும் பொட்டுமாக இருந்தால் ஃபயர் ஈல், தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது, ஒரு மீட்டர் வரை போகும்.

கடையில் இவை எல்லாமே பென்சில் நீளத்தில்தான் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். ஃபயர் ஈல் குட்டியின் சிவப்பைப் பார்த்து மயங்காதவர்கள் குறைவு. முதல் ஆரல் என்றால் என் ஓட்டு பீகாக்குக்கு, அல்லது உள்ளூர் ஆரலுக்கு. வளர்த்துப் பழகிய பிறகு, ஆறடித் தொட்டிக்கு வீட்டில் இடமும் சம்மதமும் இருந்தால், ஃபயர் ஈல் பக்கம் போகலாம்.

தொட்டி

பீகாக், பன்கலஸ் அளவு மீன்களுக்கு மூன்றடி நீளத் தொட்டி போதும், அகலம் ஒன்றரை அடி இருந்தால் நல்லது. இந்த மீன் தரையில் வாழ்கிறது, உயரத்தால் அதற்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆகவே தொட்டி செய்யக் கொடுக்கும்போது உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டச் சொல்லுங்கள். டயர் ட்ராக் என்றால் நாலடிக்கு இரண்டடி தரையளவு வேண்டும், அதுவும் பெரிதாகும்வரைதான். நாலு, இரண்டு, இரண்டு அடித் தொட்டி சுமார் 450 லிட்டர் பிடிக்கும், கண்ணாடி, மணல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் அரை டன்னைத் தாண்டும். அப்பார்ட்மெண்டில் இருக்கிறவர்கள் இதை ஹால் நடுவில் வைக்காமல், பீம் போகிற சுவரை ஒட்டி வைப்பது நல்லது. வீட்டு ஓனரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது ஒரு விஷயம். ராத்திரி மட்டும் ஏசி போடுகிற படுக்கையறையில் வைக்காதீர்கள். பகலில் முப்பதைத் தொடும் தண்ணீர் ராத்திரியில் ஏசிக் குளிரில் இறங்கும், மறுநாள் மறுபடி ஏறும், தினமும் இப்படி ஏறி இறங்கினால் எந்த மீனும் தாங்காது. வேறு இடமே இல்லை என்றால் ஹீட்டர் போட்டுச் சமப்படுத்த வேண்டும்.

மணல்

இதைத்தான் தலைப்பிலேயே சொன்னேன். கடையில் கலர் கல், வெள்ளைக் கூழாங்கல், கறுப்புச் சிப்ஸ் என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள். ஆரல் பகலில் மணலுக்குள் புதைந்துதான் தூங்கும். கல் தரையில் புதைய முயன்று முயன்று மூக்கும் வயிறும் உராய்ந்து புண்ணாகி, அந்தப் புண்ணில் பூஞ்சை பிடித்து மீன் போய்ச் சேரும்.

கட்டடம் கட்டுகிற இடத்தில் கிடைக்கிறதே என்று எம்-சாண்ட் அள்ளி வராதீர்கள். அது பாறையை உடைத்துச் செய்தது, ஒவ்வொரு துகளும் முனை வைத்திருக்கும், தூசியும் அதிகம். பெசன்ட் நகர் பீச்சிலிருந்து ஒரு பை மணல் கொண்டுவரலாமா என்று கேட்காதவர்கள் கிடையாது. அதில் உப்பும் சிப்பித் தூளும் கலந்திருக்கும், எவ்வளவு கழுவினாலும் சிப்பித் தூள் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கிக்கொண்டே இருக்கும். சரி, வேறு எதைப் போடுவது? தண்ணீர் சுத்திகரிக்கிற ஃபில்டர்களுக்குப் போடுகிற சிலிக்கா மணலில் உருண்டையான, பொடி ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். அல்லது பழைய வீட்டு வேலையில் மிச்சமான ஆற்று மணல் யாரிடமாவது இருந்தால் மாவு சலிக்கிற சல்லடையில் (வீட்டுச் சல்லடையை எடுக்காதீர்கள், தனியாக ஒன்று வாங்குங்கள்) சலித்து, கல்லும் கரடும் நீக்கி எடுத்துக்கொள்ளலாம். கையில் எடுத்துப் பிசைந்தால் குத்தக் கூடாது, அதுதான் சோதனை.

கழுவுவது பெரிய வேலை. ஒரு பக்கெட்டில் கால் பாகம் மணல் போட்டு, ஹோஸ் பைப்பை அடிவரை விட்டுத் தண்ணீர் திறந்து, கையால் கிளறிக் கலங்கலை வழிய விடுங்கள். மேலே வழிகிற தண்ணீர் தெளிவாக வரும்வரை விடாதீர்கள். சோம்பல்பட்டுப் பாதியில் நிறுத்தினால் தொட்டி ஒரு வாரம் மோர் நிறத்தில் இருக்கும். இரண்டு அங்குலத்திலிருந்து மூன்று அங்குலம் வரை பரப்புங்கள். அதைவிட ஆழம் வேண்டாம், அடியில் காற்றுப் போகாமல் அழுகல் வாயு சேரும். ஆரலே தினமும் உழுது போடும் என்பதால் மற்ற தொட்டிகளைவிட இதில் அந்தப் பயம் குறைவு.

மணல் இருந்தாலும் ஒளிய இடம் தனியாக வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பிவிசி பைப் துண்டுகள் போதும், மீனின் உடம்பைவிடக் கொஞ்சம் பெரிய விட்டம், முனைகளை உப்புத்தாளால் தேய்த்து மழுங்கவைத்துப் போடுங்கள். செடி வைக்க ஆசை என்றால் மணலில் நடாதீர்கள், காலையில் எல்லாம் மிதக்கும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் போன்றவற்றை மரக்கட்டையில் நூலால் கட்டி வையுங்கள். மேலே கொஞ்சம் மிதக்கும் செடி போட்டால் வெளிச்சம் மட்டுப்படும், மீனுக்குத் தைரியம் வரும். பெரிய கல், கட்டை எதையும் மணல்மேல் வைக்காமல் தொட்டியின் அடிக் கண்ணாடியில் உட்காரவைத்துவிட்டு அதைச் சுற்றி மணல் போடுங்கள். இல்லையென்றால் ஆரல் அடியில் குடைய, கல் சரிந்து அதன்மேலேயே விழும்.

மூடி

தலை நுழைந்தால் உடம்பு முழுவதும் நுழையும், அவ்வளவுதான் கணக்கு. ஃபில்டர் ஒயர், ஏர் டியூப், ஹீட்டர் ஒயர் போகிற சந்துகள்தான் ஓட்டைகள். கண்ணாடி மூடியை இறுக்கமாகப் போட்டு, ஒயர் போகிற மூலையை ஸ்பாஞ்ச் துண்டால் அடையுங்கள். வெளியே தொங்கும் ஃபில்டர் வைத்திருந்தால் தண்ணீர் விழுகிற அந்த வாய் வழியாக ஏறிப் போகிற ஆரலும் உண்டு, அதற்கும் வலை கட்டுங்கள். தண்ணீரை விளிம்புவரை நிரப்பாமல் மூன்று நாலு அங்குலம் குறைத்து வைப்பதும் உதவும். புதிதாக வந்த முதல் சில ராத்திரிகள்தான் தப்பிக்கிற வெறி அதிகம்.

தண்ணீர்

வெப்பநிலை 24 முதல் 28 டிகிரி, பிஎச் 6.5 முதல் 7.5 வரை இருந்தால் இதற்குச் சொர்க்கம். சென்னையில் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். மெட்ரோ வாட்டர் என்றால் குளோரின் இருக்கும், ஒரு நாள் திறந்த பக்கெட்டில் ஏர் ஸ்டோன் போட்டு வையுங்கள், அல்லது கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டு விடுங்கள். போர் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் கடலோரப் பகுதிகளில் உப்பு ஏறியிருக்கும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் ஊகிக்க வேண்டியதில்லை. ஆயிரத்தைத் தாண்டினால் ஆர்ஓ தண்ணீரைக் கலந்து குறையுங்கள். ஆர்ஓ மெஷினிலிருந்து கழிவாக வருகிற தண்ணீர் வீணாகிறதே என்று அதை ஊற்றிவிடாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். லாரித் தண்ணீர் ஒவ்வொரு லோடும் ஒவ்வொரு மாதிரி வரும், ஆகவே ஒவ்வொரு முறையும் அளந்துவிட்டு ஊற்றுங்கள்.

தொட்டி ரெடியானதும் உடனே மீன் விடக் கூடாது. ஃபில்டரில் பாக்டீரியா வளர்ந்து, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சமாளிக்கிற நிலைக்கு வர நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நண்பர் யாராவது வைத்திருக்கிற ஓடும் ஃபில்டரிலிருந்து ஒரு ஸ்பாஞ்சை வாங்கிப் போட்டால் சீக்கிரம் முடியும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு போங்கள் கொளத்தூருக்கு.

கடையில்

காலையிலோ வெயில் சாய்ந்த பிறகோ போங்கள், மதிய வெயிலில் பையோடு ஆட்டோவில் வந்தால் தண்ணீர் சூடேறிவிடும். தொட்டியில் பைப்புக்குள் ஐந்தாறு ஆரல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடக்கும். "அண்ணா, பைப்பைத் தூக்குங்க, ஒவ்வொண்ணா பாக்கணும்" என்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். பார்க்க வேண்டியது வயிறு: தலைக்குப் பின்னால் உடம்பு ஒட்டி, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தால் அது பல நாள் பட்டினி, வேண்டாம். மூக்கு நுனி சிதைந்திருக்கிறதா, உடம்பில் வெள்ளைப் பஞ்சு, சிவப்புப் புண் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த கேள்வி, "என்ன சாப்பிடுது?" "எல்லாம் சாப்பிடும்பா" என்று பதில் வந்தால் நம்பாமல், ஒரு புழு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். போட்டதும் பாய்கிற மீன் எதுவோ அதுதான் உங்கள் மீன்.

வலையால் பிடித்தால் முட்கள் வலையில் சிக்கி, உருவும்போது காயமாகும். கப்பிலோ டப்பாவிலோ தண்ணீரோடு மொண்டு எடுக்கச் சொல்லுங்கள். முள் பையைக் குத்தும் என்பதால் இரட்டைப் பை, ஆக்சிஜன் அடைத்து.

வீட்டுக்கு வந்ததும் தொட்டி விளக்கை அணைத்துவிட்டுப் பையைக் கால் மணி நேரம் மிதக்க விடுங்கள். அப்புறம் பையைத் திறந்து, பத்து நிமிடத்துக்கு ஒரு கப் வீதம் தொட்டித் தண்ணீரை ஊற்றி, அரை மணி முக்கால் மணி கழித்து மீனை மட்டும் விடுங்கள், கடைத் தண்ணீரைச் சேர்க்காதீர்கள். அன்றைக்கு வேறு எதுவும் செய்யாதீர்கள். அது ஒரு சுற்று வந்து, மணலில் மூக்கை வைத்து, உடம்பைப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி, நீங்கள் போனை எடுத்து வீடியோவை ஆன் செய்வதற்குள் உள்ளே போயிருக்கும்.

தீனி, அதுவும் ராத்திரித் தீனி

பெல்லட், ஃப்ளேக் போன்ற உலர் தீனியெல்லாம் இதற்குத் தீனியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இயற்கையில் பூச்சிப் புழுக்கள், மண்புழு, சின்ன இறால், பொடி மீன் தின்று வாழ்கிறது. வீட்டில் மண்புழுதான் முதல் தேர்வு. மருந்து அடிக்காத தோட்டத்து மண்ணிலோ பூந்தொட்டியிலோ எடுத்து, கழுவி, மீனின் வாய்க்கு ஏற்ற மாதிரி நறுக்கிப் போடுங்கள். மண்புழு உரம் செய்கிறவர்களிடம் கிடைக்கிற சிவப்புப் புழு சிலது மஞ்சளாக ஒரு கசப்புத் திரவம் விடும், அதை மீன் வாயில் எடுத்துவிட்டுத் துப்பினால் பயப்பட வேண்டாம், வேறு புழு மாற்றுங்கள்.

அடுத்தது ஃப்ரோசன் பிளட்வார்ம், அதாவது உறையவைத்த சிவப்புப் பூச்சிப் புழு. ஃப்ரீசரில் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் வைக்க வீட்டில் சண்டை வரும், மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். மார்க்கெட்டில் வாங்குகிற இறாலில் ஒன்றை எடுத்து ஓடு உரித்துப் பொடியாக நறுக்கிப் போட்டாலும் சாப்பிடும். நூல் போன்ற சிவப்புப் புழுவான டியூபிஃபெக்ஸ் உயிரோடு எல்லா மீன் கடையிலும் கிடைக்கும், ஆரலுக்கும் அதென்றால் உயிர்தான், ஆனால் அது சாக்கடைச் சேற்றில் வளர்வது, கூடவே நோயையும் கொண்டுவரும். ஒன்றுமே சாப்பிடாத மீனைத் தூண்டிவிடுவதற்கு மட்டும், நாலைந்து முறை நல்ல தண்ணீர் மாற்றிக் கழுவிவிட்டு, கொஞ்சமாகக் கொடுங்கள்.

போடுகிற முறைதான் முக்கியம். ராத்திரி தொட்டி விளக்கை அணைப்பதற்கு முன்னால் மற்ற மீன்களுக்கு வழக்கமான தீனியைப் போட்டு வயிற்றை நிரப்பிவிடுங்கள். விளக்கை அணைத்து முக்கால் மணி, ஒரு மணி நேரம் கழித்து, நீளமான இடுக்கியாலோ ஒரு டியூப் வழியாகவோ ஆரல் இருக்கும் பைப்புக்குப் பக்கத்தில், தினமும் அதே இடத்தில், புழுவை இறக்குங்கள். ஹால் விளக்கும் டிவியும் எரிந்துகொண்டிருந்தால் அதற்கு அது ராத்திரி இல்லை. முதல் மூன்று நாலு நாள் தொடாமல் இருக்கலாம். காலையில் மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு மறுநாள் ராத்திரி மறுபடி போடுங்கள். ஒரு வாரம் தாண்டியும் தொடவில்லை என்றால் மற்ற மீன்களைத் தற்காலிகமாக வேறு தொட்டிக்கு மாற்றிப் பாருங்கள், பல நேரம் அவைதான் காரணம். குட்டிக்குத் தினமும், வளர்ந்த மீனுக்கு வாரத்தில் மூன்று நாள். நேரமும் இடமும் பழகிவிட்டால் சாயங்காலமே மூக்கை நீட்டிக்கொண்டு காத்திருக்கும், கொஞ்ச காலத்தில் விரலிலிருந்தே புழுவை இழுத்துக்கொள்ளும்.

ராத்திரியில் பார்ப்பது

டார்ச் அடித்தால் ஓடிவிடும். டார்ச் கண்ணாடியில் சிவப்பு செல்லோபேன் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள், சிவப்பு வெளிச்சத்தை அது பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

அப்படிப் பார்த்தால்தான் இந்த மீன் நீந்துவதே தெரியும். உடம்பு முழுக்க அலையாக ஓடும், ஆனால் ஒரே இடத்தில் நிற்கும்போது கழுத்துப் பக்கத்து இரண்டு சின்னத் துடுப்புகள் மட்டும் விசிறி போலப் படபடக்கும். முன்னால் போகிற அதே லாவகத்தில் பின்னாலும் போகும், பைப்புக்குள் வாலைவிட்டு நுழையும். மூக்கை மணலில் பதித்துத் தேடிக்கொண்டே போய், புழு இருக்கிற இடத்தில் சட்டென்று நின்று, ஒரே இழுப்பில் உறிஞ்சும். பெரிய துண்டாக இருந்தால் வாயில் கவ்விக்கொண்டு உடம்பை முறுக்கிப் பிய்க்கும். செடி இலைகள் மேல் உடம்பைப் போட்டுத் தொங்கிக்கொண்டு அசையாமல் இருக்கிறதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று நினைத்துக் கையை விடுகிறவர்கள் உண்டு. அது ஓய்வெடுக்கிறது. எப்போதாவது மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுப் போவதும் சகஜம், சில ஆரல் வகைகளால் நேரடியாகக் காற்றையும் கொஞ்சம் சுவாசிக்க முடியும். அடிக்கடி வந்தால்தான் யோசிக்க வேண்டும்: தண்ணீரில் ஆக்சிஜன் போதவில்லை.

கூட எதை விடலாம்

வாயில் அடங்குகிற எதையும் விடாதீர்கள். கப்பி, நியான் டெட்ரா, குட்டி இறால் எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக எண்ணிக்கை குறையும். கௌராமி, ஓரளவு பெரிய பார்ப் மீன்கள் சரி. அடித்துத் துரத்துகிற சிக்லிட் வேண்டாம். பீகாக் ஒன்றை மட்டும் வைக்கலாம், தொட்டி பெரிதாக இருந்தால் ஐந்தாறாகவும் வைக்கலாம். இரண்டு வைத்தால் ஒன்று மற்றதை விரட்டிக்கொண்டே இருக்க வாய்ப்பு அதிகம்.

நோய் வந்தால்

செதில் பொடிசு என்பதால் மருந்து இதன் தோலில் சுலபமாக இறங்கிவிடும். தாமிரம் கலந்த மருந்து, ஃபார்மலின், மாலக்கைட் கிரீன் இதெல்லாம் மற்ற மீனுக்குச் சொன்ன அளவில் ஊற்றினால் நோய்க்கு முன்னால் மீன் போய்விடும். வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் முதலில் தண்ணீர் சூட்டை ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு டிகிரி வீதம் 30 வரை ஏற்றி, காற்றோட்டத்தைக் கூட்டி, பத்துப் பதினைந்து நாள் அப்படியே வைத்துப் பாருங்கள். மருந்து போட்டே ஆக வேண்டும் என்றால் பாதி அளவிலிருந்து தொடங்குங்கள், தனித் தொட்டியில். நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு ஒட்டிக்கொண்டே போனால் குடலில் புழு இருக்கலாம், தெரிந்த மீன் வைத்தியரையோ அனுபவமுள்ள கடைக்காரரையோ கேளுங்கள்.

வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீர் மாற்றினால் பாதி நோய் வராது. உறிஞ்சு குழாயை மணலுக்குள் குத்தாமல் ஒரு அங்குலம் மேலேயே பிடியுங்கள், உள்ளே ஆள் படுத்திருப்பார்.

அக்னி நட்சத்திரமும் ஐப்பசி மழையும்

மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் 32-ஐத் தாண்டும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், அதனால் அப்போது ஏர் பம்பை நிறுத்தவே கூடாது. மூடியில் ஒரு பகுதிக்கு மட்டும் கொசுவலை போட்டு இறுக்கிக் கட்டி, அதன் வழியாகச் சின்ன ஃபேன் ஒன்றைத் தண்ணீர்மேல் வீசவிட்டால் இரண்டு டிகிரி இறங்கும். புழுக்கமான நாளில் அவ்வளவும் இறங்காது. ஐஸ் கட்டியை நேராகத் தண்ணீரில் போடாதீர்கள். தண்ணீர் பாட்டிலை உறையவைத்து மிதக்கவிடலாம், அதுவும் ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாக.

மழைக்காலத்துப் பிரச்சினை கரண்ட். 2016 வர்தா புயலிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்ப் ஒன்று, கூடுதல் பேட்டரி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், குளோரின் நீக்கிய இரண்டு மூன்று பக்கெட் தண்ணீர் இவ்வளவும் அக்டோபருக்குள் தயாராக இருக்கட்டும். கரண்ட் இல்லாத நாள்களில் தீனி போடாதீர்கள். நல்ல உடம்புள்ள ஆரல் சில நாள் பட்டினியைத் தாங்கும், கெட்டுப்போன தண்ணீரைத் தாங்காது.

பெரிதாகிவிட்டால்

டயர் ட்ராக்கோ ஃபயர் ஈலோ வாங்கியவர்கள் ஒரு நாள் இந்த இடத்துக்கு வந்தே தீருவார்கள். ஏரியிலோ அடையாற்றிலோ கொண்டுபோய் விடாதீர்கள். ஃபயர் ஈலும் பீகாக்கும் நம் நீர்நிலைக்கு அந்நியம், நம் ஊர் வகையாகவே இருந்தாலும் கடைத் தொட்டி நோயை அங்கே இறக்கிவிடும். வாங்கும்போதே, "பெருசானா திருப்பி எடுத்துக்குவீங்களா அண்ணா" என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்கொள்கிற கடைகள் உண்டு. கையில் காசு தர மாட்டார்கள், அடுத்து வாங்குகிற பிளட்வார்ம் பில்லில் கழித்துக்கொள்வார்கள்.